மேஸ்திரி எழுந்துவிட்டான்

மரக்காணம்
3.3.2006

கலையரசனுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம், நீ சுகமா என்று எழுத வேண்டுமாம். எழுதியாகிவிட்டது. போன தடவை போனில் நீ கத்தினாய், நான் அழுதேன், உன் கார்டு தீர்ந்துபோனது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் நீ கத்தினால் எனக்குக் கேட்காது.

உன் நாய் விழுந்துவிட்டது.

நேற்று விடிந்ததும் வழக்கம்போல உப்பளத்தில் எனக்கு முன்னால் பாத்திக் கரைமேல் போனான். அந்த மூதேவியின் அதிகாரம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு பாத்தி விடாமல் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவன் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் உப்பு வாரத் தொடங்க வேண்டும். சும்மாவா உப்பளமே சேர்ந்து மேஸ்திரி என்று பெயர் வைத்தது? மூன்றாவது பாத்தி முனையில் திரும்பினான். திரும்பியவன் பின்பக்கமாக உட்கார்ந்தான், அப்படியே சரிந்து பாத்தித் தண்ணீரில் விழுந்தான். "ஏறுடா சோம்பேறிக் கழுதை" என்று கத்தினேன். முன்னங்கால் இரண்டாலும் கரையைப் பிறாண்டினான். பின்னங்கால் இரண்டும் அசையவே இல்லை. நடிக்கிறான் என்று நினைத்து, கையில் இருந்த உப்புப் பலகையின் கழியால் முதுகில் ஒன்று வைத்தேன்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று ராத்திரியெல்லாம் நினைத்தேன். முடியவில்லை.

பக்கத்துப் பாத்தி கன்னியப்பன் மாமாதான் ஓடிவந்து பார்த்தார். "அம்சா, அடிக்காதம்மா. அவன் நடிக்கல. இடுப்பு போயிடுச்சி பாரு" என்றார். இரண்டு பேருமாகச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தோம்.

முந்தாநாள்வரை லாரி டயரைத் துரத்தியவன். இப்போது வாசலில் கிடக்கிறான். பின்னால் கிடப்பது தன் கால்தான் என்று தெரியாதவன்போல, திரும்பித் திரும்பி அதை முகர்ந்து பார்க்கிறான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் சட்டைக்குள் ஒளித்து வைத்து இந்தச் சனியனை அனுமந்தையிலிருந்து கொண்டுவந்தது நீ. அப்பாவும் போய், அம்மாவும் போய், நீயும் விமானம் ஏறிவிட்டாய். இப்போது நீ மஸ்கட்டில், அவன் என் வாசலில். என்ன செய்யட்டும், நீயே சொல்.

அம்சவல்லி


மஸ்கட்
14.3.2006

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கக்கூசுக்குள் போய் உட்கார்ந்து படித்தேன். ரூமில் எட்டுப் பேர். அழ வேறு இடம் இல்லை.

நீ எழுதி இன்றோடு பதினோரு நாள். அவன் விழுந்த காட்சி எனக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. இதற்குள் எழுந்தானா, இல்லை போய்விட்டானா? எதுவும் தெரியாமல் சிமெண்ட் மூட்டை சுமந்துகொண்டிருக்கிறேன். கட்டடத்தில் மேலே ஏறும்போது சாரம் ஆடுகிறது, எனக்கு அவன் கால்தான் ஞாபகம் வருகிறது.

அடித்ததை நீ எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டாய். அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

அக்கா, ஒன்று செய். அப்பா இடுப்புப் பிடித்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, அம்மா என்ன செய்தாள்? கல் உப்பை வறுத்து, துணியில் மூட்டை கட்டி ஒத்தடம் வைத்தாள். ஒரே வாரத்தில் அப்பா பாத்திக்குப் போய்விட்டார். அதையே இவனுக்கும் வை. காலையும் மாலையும், நல்ல சூடாக, இடுப்பிலும் தொடையிலும் அழுத்தி வை. அரை மனதாக வைக்காதே. உனக்கு அவனைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். எனக்காக வை.

காண்ட்ராக்ட் முடிய இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது. நான் வந்து இறங்கும்போது வீட்டில் என்னைத் தேடிக்கொண்டு ஓடிவர ஓர் உயிராவது வேண்டும். நான் கிளம்பின அன்று பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வராதவள் நீ. "போனா போ" என்று முற்றத்தில் நின்று சொன்னாய். அதை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் உன்னைத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவனைச் சாகவிடாதே.

கலை


மரக்காணம்
27.3.2006

கலையரசனுக்கு,

சாகவில்லை. போதுமா? என் உயிரைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறான் அந்தத் தடியன்.

முதல் நாலு நாள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஊளையிட்டுத் தெருவையே கூட்டினான். இப்போது தினமும் பாத்திக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். என் பழைய புடவையை நாலாக மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால், முன்னங்காலால் நடக்கிறான். பின்பக்கத்தைச் சுமப்பவள் நான். கரையைச் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டேன் என்கிறான் சனியன். ஆகவே விடிந்ததும் நாயும் நானும் ஒரே உடம்பாகக் கரையைச் சுற்றுகிறோம். பாத்தியில் நிற்கிற பெண்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். "இன்னா அம்சா, மேஸ்திரிக்கு நீ அசிஸ்டெண்டா?" என்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு முதுகு விட்டுப்போகிறது.

மாட்டு டாக்டரிடம் காட்டினேன். பின்னங்கால் விரலிடுக்கில் ஏதோ கிடுக்கி போட்டு அழுத்தினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதுகெலும்புல தட்டு நகர்ந்து நரம்ப அழுத்துதும்மா. இந்த வயசுக்கு ஆபரேஷன் தாங்காது. மாத்திரை தரேன், பாக்கலாம்" என்றார். தானாக மூத்திரம் போகவில்லை. அடிவயிற்றை அமுக்கிப் போகவைக்க வேண்டும். டாக்டர் கைபிடித்துக் காட்டிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்தால்கூட இவ்வளவு அள்ளிப் போட்டிருக்கமாட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று சாயங்காலமே உப்பு வறுத்துவிட்டேன். கையில் வைத்துப் பார்த்தேன், சூடே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வறுத்தேன். இடுப்பிலும் தொடையிலும் அழுத்தி வைத்தேன். கழுதை முனகக்கூட இல்லை, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். சுகமாக இருந்திருக்கும். அரை மனதாக வைத்தேன் என்று இனிமேல் சொல்லாதே.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கன்னியப்பன் மாமாவும் அதைத்தான் சொல்கிறார். நான் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உன் நாய். உன்னைக் கேட்காமல் எப்படி? சீக்கிரம் பதில் போடு.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நான் வராதது கோபத்தில் இல்லை. அந்தச் சனியனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டிருந்தால் திண்டிவனம்வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடியிருப்பான். நீ போய் மூன்று நாள் என் கையில் அவன் பல் பட்ட காயம் இருந்தது.

அம்சவல்லி


மஸ்கட்
8.4.2006

அக்கா,

ஊசி கூடாது. கூடவே கூடாது.

உன் கடிதம் கிடைத்ததும் கேம்ப் மேனேஜரிடம் போய் லீவு கேட்டேன். எதற்கு என்றார். நாய்க்குக் கால் வரவில்லை என்றேன். ஆபீசே சிரித்தது. மறுநாள் போய் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றேன். ஃபைலை எடுத்துப் பார்த்து, உங்கள் அம்மா இறந்துவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. பறக்கவா முடியும்?

பஸ் ஸ்டாண்டு விஷயத்தை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? பத்து மாதமாக உன்மேல் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே நாள் ஓட்டினேன். இப்போது அதுவும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவனை விட்டுவிடாதே. அவன் கண்ணை மூடிச் சுகமாகப் படுத்தான் என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் இருபது தடவை படித்துவிட்டேன். உப்பு வேலை செய்கிறது அக்கா. நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம் சூடாக வை. டாக்டருக்கு என்ன, ஒரு ஊசியோடு அவர் வேலை முடிந்தது. நீ ஊசி போடச் சம்மதித்தாய் என்று தெரிந்தால் எனக்கு அக்காவும் இல்லை, ஊரும் இல்லை. இங்கேயே கிடந்து செத்துப்போகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கலை


மரக்காணம்
20.4.2006

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. கவலைப்படாதே. மேஸ்திரி எழுந்துவிட்டான்.

போன வாரம் ஒருநாள் காலையில் பார்க்கிறேன், வாசல் தூணில் சாய்ந்துகொண்டு நாலு காலிலும் நிற்கிறான். கொஞ்சம் ஆடினான், ஆனால் நின்றான். நீ சொன்ன உப்பு ஒத்தடம்தான். டாக்டரே ஆச்சரியப்பட்டார். இப்போது நாலு எட்டு வைக்கிறான். சோறு நன்றாகத் தின்கிறான். சமர்த்துப் பிள்ளை, யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

நீ வேலையில் கவனமாக இரு. சாரத்தில் ஏறும்போது கண்டதையும் நினைக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அம்சவல்லி


மஸ்கட்
2.5.2006

அக்கா! என் அக்கா!

ரூமில் எட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். எங்கள் மேஸ்திரி எழுந்துவிட்டார் என்றேன். எந்தக் கம்பெனி மேஸ்திரி என்று கேட்டார்கள்.

பார்த்தாயா, ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் உப்புதான் அவனை எழுப்பியது. இந்தப் பாழாய்ப்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு நல்ல காரியமாவது செய்தேனே.

ஆனால் இவ்வளவு சின்னக் கடிதமா எழுதுவாய்? இன்னும் எழுது. எந்தப் பாத்திவரை போகிறான்? கரையைச் சுற்றுகிறானா? லாரியைப் பார்த்தால் குரைக்கிறானா? எல்லாவற்றையும் எழுது.

கலை


மரக்காணம்
15.5.2006

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. உப்பு நன்றாக விளைகிறது.

மேஸ்திரி இப்போது மூன்றாவது பாத்திவரை தானே போகிறான். அங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பி வருகிறான். புடவை தேவைப்படவில்லை. லாரி வந்தால் குரைக்கிறான். என் ராசா அவன். அவனைப்போல் அறிவுள்ள பிராணி இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அம்சவல்லி


மஸ்கட்
28.5.2006

அக்காவுக்கு,

அடுத்த வெள்ளிக்கிழமை லீவுவரை பொறுக்க முடியாமல், இன்று ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் நாலையும் கட்டிலில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் மூதேவி, சோம்பேறிக் கழுதை, சனியன். இரண்டாவதில் தடியன், மறுபடியும் சனியன், மறுபடியும் கழுதை. அவன் தரையில் கிடந்து மூத்திரம்கூடப் போக முடியாமல் இருந்தபோது அப்படித் திட்டியிருக்கிறாய். எழுந்து நடந்த பிறகு ஒரு திட்டு இல்லை. சமர்த்துப் பிள்ளையாம். ராசாவாம்.

பதினாலு வருஷம் நீங்கள் இருவரும் இருந்த வீட்டில் நானும் இருந்தேன். உயிரோடு இருக்கிற மேஸ்திரியை நீ ஒருநாளும் ராசா என்று சொல்லியிருக்கமாட்டாய். லாரியைப் பார்த்து அவன் குரைத்திருந்தால் என்னவெல்லாம் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

போய்விட்டான். அப்படித்தானே?

டீ வாங்கிக் கொடுத்த அன்றே மனதில் ஏதோ உறுத்தியது. உறுத்தினாலும் நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் சாரத்தில் ஏறியிருக்கமாட்டேன்.

எனக்கு அக்கா இல்லை என்று எழுதினேனே, அதற்குப் பயந்துதான் நீ மறைத்திருக்கிறாய். அது வாய்க்கொழுப்பு அக்கா. உன்னை விட்டால் எனக்கு யார்? ஊசி போட்டிருந்தால் போட்டதுதான். நடந்தது என்ன என்று எழுது. அவன் எப்படிப் போனான் என்று தெரியாமல் என்னால் இங்கே இருக்க முடியவில்லை.

கலை


மரக்காணம்
9.6.2006

தம்பி,

ஆமாம். ஏப்ரல் பத்தாம் தேதி போய்விட்டான். ஊசி வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது அவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நீ அக்கா இல்லை என்று எழுதியதற்காக நான் பொய் சொல்லவில்லை. அதற்கெல்லாம் பயப்படுகிறவளா நான்? உண்மையைச் சொன்னால் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். அதை நீ தூர தேசத்தில் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? இப்போது நீயே கேட்டுவிட்டாய். கேள்.

மூன்று நாள் ஒத்தடம் வைத்தேன். நாலாம் நாள் காலையில் துடைக்கும்போது இடுப்பு முடி கொத்தாகத் துணியோடு வந்தது. அடியில் தோல் வெந்திருந்தது. இரண்டு தொடையிலும்.

அம்மா வைத்தபோது அப்பா "சுடுதுடி, எடு எடு" என்று கத்துவார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கத்தலை வைத்துத்தான் அம்மா சூடு பார்த்தாள். மேஸ்திரி கத்தவில்லை. கிடுக்கி போட்டு அழுத்தியபோதே வலி தெரியாத உடம்பு என்று டாக்டர் என் கண் முன்னால் காட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. கையில் வைத்துச் சூடு பார்த்தேன் என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன். இருபது வருஷம் உப்பில் ஊறிக் காய்த்துப்போன கை இது. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குகிற கை. இதற்குச் சூடு எப்படித் தெரியும்? அவன் வெந்துகொண்டு கிடந்ததைத்தான் சுகமாக இருந்திருக்கும் என்று எழுதினேன்.

ஒத்தடம் வைக்கச் சொன்னது நீதான். ஆனால் நீ தூரத்தில் இருந்தாய், உனக்கு அவன் உடம்பு தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் இது என் கணக்கு. இதில் பங்கு கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதே.

புண்ணில் ஈ மொய்த்தது, புழு வைத்தது. டாக்டர் கழுவிக் கட்டினார். மறுநாளும் கட்டினார். ஒன்பதாம் தேதி அவன் சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் என்னைத் திட்டவே இல்லை. "இதுக்கு மேல அவன படுத்த வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். உன் பதிலுக்காகத் தபால்காரர் வழியைப் பார்த்தேன். வரவில்லை. சரி என்று நானேதான் சொன்னேன்.

வீட்டில் வேண்டாம், பாத்திக்கு வாருங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். வந்தார். விடிந்ததும் புடவையில் தூக்கி முழுக் கரையையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. கன்னியப்பன் மாமா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். சுற்றி முடித்து உட்கார வைத்ததும், வேலை ஆரம்பிக்கலாம் என்பதுபோல எங்களைப் பார்த்தான்.

ஊசியைப் பார்த்ததும் அவன் உடம்பு நடுங்கியது. நான் பேசாமல் இருந்தேன், அதனால்தான் பயப்படுகிறான் என்று தோன்றியது. உடனே திட்ட ஆரம்பித்தேன். சனியனே, மூதேவி, சோம்பேறிக் கழுதை, எத்தனை நாள்டா என் உயிர வாங்குவ, அசையாம இருடா தடியா என்று வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அதைக் கேட்டதும் நடுக்கம் நின்றது. வாலை ஆட்ட முடியாது அவனுக்கு. காதை ஆட்டினான். மருந்து ஏறி அந்தக் காது நிற்கிறவரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தேன். போதும்மா என்று டாக்டர் என் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

உப்பை அம்பாரமாகக் குவிக்கிற மேட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். நாலு கூடை உப்பு போட்டேன். கரையோர அழுக்கு உப்பு இல்லை, நடுப் பாத்தியில் நானே வாரிய வெள்ளை உப்பு.

அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. உனக்குப் பொய்யாக எழுத உட்கார்ந்தபோது ஒரு திட்டாவது போடலாம் என்றுதான் பார்த்தேன். பேனா ஓடவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய்.

இரண்டு மாதமாக வீட்டில் சத்தமே இல்லை, கலை. விடிந்தால் கரையைச் சுற்றுகிறேன், எனக்கு முன்னால் யாரும் இல்லை. நீ அழுதது போதும். கக்கூசில் உட்கார்ந்து அழுகிறானாம், வெட்கம் கெட்டவன். சாரத்தில் ஏறும்போது கீழே பார்த்து ஏறு. லீவு கிடைத்ததும் வந்து தொலை.

அம்சவல்லி